குழந்தைக்கும் ரத்தக் கொதிப்பா? எந்தக் கருவி உண்மை சொல்லும்?

திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். டாக்டர் குழு வந்திருக்கிறது. ஒரு பத்து வயதுப் பையனின் கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். பொத்தானை அழுத்துகிறார்கள். எந்திரம் "கிர்" என்று உறுமுகிறது. எண் விழுகிறது: 124.

சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

மாலையில் அந்தச் சீட்டைப் பார்த்த தாய்க்குக் கை நடுங்குகிறது. "பத்து வயசுப் பிள்ளைக்குப் பிரஷரா? அது எங்க மாமியாருக்குத்தானே இருக்குது!" என்கிறார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் சம்பளம் போயிற்று. பையனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். அங்கே டாக்டர் காதில் குழாயை மாட்டி, ரப்பர் குமிழை அமுக்கி, நிதானமாகப் பார்க்கிறார். "106தான் இருக்கிறது" என்கிறார்.

ஒரே பையன். ஒரே கை. ஒரு ராத்திரிதான் இடைவெளி. வித்தியாசமோ 18!

எது உண்மை? பள்ளிக்கூடத்து எந்திரமா, ஆஸ்பத்திரி டாக்டரின் காதா?

இது கற்பனைப் பையன். ஆனால் இப்படிப்பட்ட வித்தியாசம் கற்பனை அல்ல. ராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்த வீட்டிலும் இது நடக்கலாம். ஏனென்றால், நூறு ஆண்டுகளுக்கு மேலாக டாக்டர்களின் மேஜையில் இருந்த பாதரசக் கருவி விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அதன் இடத்துக்கு எந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெரியவர்கள் கைக்கு என்று செய்த எந்திரம், பிள்ளைகள் கையிலும் ஏறுகிறது.

குதிரையில் தொடங்கிய கதை

இதயம் ஒரு பம்பு. அது சுருங்கும்போது ரத்தம் குழாய்களில் வேகமாகப் பாய்கிறது. அப்போது உள்ள அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து ஓய்வு எடுக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். "120-க்கு 80" என்று டாக்டர் சொல்வது இந்த இரண்டையும்தான்.

இதை முதலில் அளந்தவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்துக்காரர். பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு குதிரையின் ரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழலைப் பொருத்திப் பார்த்தார். ரத்தம் குழலில் எட்டு அடிக்கு மேல் ஏறியது! 1733-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மனிதருக்கு இப்படிச் செய்ய முடியுமா?

1896-ல் இத்தாலி நாட்டு டாக்டர் ரிவா ரோச்சி வழி கண்டுபிடித்தார். கையைச் சுற்றிக் காற்றுப் பட்டை. அதோடு பாதரசக் குழாய். பாதரசம் தண்ணீரைவிட 13 மடங்குக்கு மேல் கனமானது. அதனால் எட்டு அடிக் குழல் வேண்டியதில்லை. ஒரு முழ நீளம் போதும்.

ஆனால் அவருடைய கருவியில் மேல் எண் மட்டுமே தெரிந்தது. 1905-ல் ரஷ்ய டாக்டர் கொரட்காப் அடுத்த படியைச் சொன்னார். பட்டையைக் காற்றால் இறுக்கினால் கையில் ரத்த ஓட்டம் நிற்கிறது. காற்றை மெல்ல இறக்கினால் ரத்தம் மறுபடி பாய்கிறது. அப்போது முழங்கை மடிப்பில் குழாயை வைத்துக் கேட்டால் "டக், டக்" என்று சத்தம் வருகிறது. முதல் சத்தம் கேட்ட இடம் மேல் எண். சத்தம் மறைந்த இடம் கீழ் எண். அவ்வளவுதான். இன்றும் டாக்டர்கள் செய்வது இதுதான்.

பாதரசம் ஏன் போகிறது?

இவ்வளவு நல்ல கருவியை ஏன் ஒழிக்க வேண்டும்? அதன் வயிற்றில் இருப்பது விஷம்.

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஒரு தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. பாதரசம் மீன் உடம்பில் சேர்ந்தது. மீனைத் தின்ற மீனவர் குடும்பங்களுக்குக் கை கால் விளங்காமல் போயிற்று. வயிற்றுப் பிள்ளைகளும் தப்பவில்லை. இந்த நோய் 1956-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஊரின் பெயரால் உலக நாடுகள் 2013-ல் ஓர் ஒப்பந்தம் செய்தன. பாதரசத் தெர்மாமீட்டர், பாதரச ரத்த அழுத்தக் கருவி ஆகியவற்றைச் செய்வதையும், நாடு விட்டு நாடு விற்பதையும் நிறுத்த வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இந்தியா 2018-ல் ஒப்பந்தத்தை ஏற்றது. இந்தக் கருவிகளுக்கு 2025 வரை அவகாசம் கேட்டுப் பெற்றது.

ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. நம் கொடைக்கானலே சாட்சி. அங்கே இருந்த இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு, பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே வந்தது. 2001-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் பல ஆண்டு போராடி, 2016-ல்தான் கம்பெனியோடு ஓர் உடன்பாட்டுக்கு வர முடிந்தது.

ஒரு தெர்மாமீட்டரில் உள்ள பாதரசம் சுமார் ஒரு கிராம். ஓர் அழுத்தக் கருவியில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். உடைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே பாதரசம் போவது நல்லதே. கேள்வி, அதற்குப் பதிலாக வருவது எது என்பதுதான்.

காது கேட்கும் கருவி, கணக்குப் போடும் எந்திரம்

மாற்றாக வருபவை முக்கியமாக இரண்டு.

ஒன்று, கடிகாரம் போல் வட்ட முகமும் முள்ளும் உள்ள கருவி. இதில் பாதரசம் இல்லை. ஆனால் டாக்டர் காதால்தான் கேட்க வேண்டும். முறை பழைய முறையே. இதன் குறை, கீழே விழுந்தால் முள் பிசகிவிடும். பிசகியது வெளியே தெரியாது. குறித்த காலத்தில் சோதித்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, பொத்தானை அழுத்தினால் எண் காட்டும் எந்திரம். மருந்துக் கடையில் விற்பது இதுதான். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் ஊழியர்கள் பெரியவர்களுக்குப் பார்ப்பதும் இந்த மாதிரி எந்திரத்தில்தான்.

இது எப்படி வேலை செய்கிறது? இதற்குக் காது கிடையாது. "டக், டக்" சத்தத்தை இது கேட்பதே இல்லை! ரத்தம் பாயும்போது பட்டையில் ஏற்படும் அதிர்வை உணர்கிறது. அதிர்வு எங்கே மிக அதிகமோ, அது சராசரி அழுத்தம். அதை வைத்துக்கொண்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் உள்ளே இருக்கும் ஒரு சூத்திரப்படி கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சூத்திரம். அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை.

பெரியவர்களின் கைக்குப் பொருந்தும் கணக்கு, பிள்ளைகளின் மெல்லிய கைக்கும் பொருந்துமா? சில எந்திரங்களில் பொருந்தும். சிலவற்றில் பொருந்தாது. அதனால்தான் 2018-ல் வகுத்த சர்வதேச விதியில், 3 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளைத் தனி இனமாக வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கும் உதவும் என்று ஒரு கம்பெனி சொல்ல வேண்டுமானால், அந்த எந்திரத்தைக் குழந்தைகளிடமே சோதித்துக் காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 7,208 பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு முறையிலும் அளந்து பார்த்தார்கள். 2001-ல் முடிவு வெளியாயிற்று. காதால் கேட்ட எண்ணைவிட எந்திரம் காட்டிய மேல் எண் சராசரி 10 அதிகம். கீழ் எண் 5 அதிகம். அது பழைய மாடல் எந்திரம். இப்போது வரும் சில எந்திரங்கள் அதைவிட நன்றாக இருக்கலாம். ஆனாலும் 10 என்பது பிள்ளைகள் விஷயத்தில் சின்ன எண் அல்ல.

120 என்னும் பொறி

ஏன் சின்ன எண் அல்ல?

120-க்கு 80 இருந்தால் கவலை இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அது பெரியவர்களின் கணக்கு. குழந்தைக்கு அது பொருந்தாது. குழந்தையின் அழுத்தம் இயல்பாகவே குறைவு. வயது ஏற ஏற, உயரம் கூடக் கூட, அதுவும் ஏறும். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும்கூடச் சிறிது வித்தியாசம் உண்டு.

அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம் 2017-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதன்படி, 5 வயதுப் பையனுக்கு 103-க்கு 63 வந்துவிட்டாலே மேலும் கவனித்துப் பார்க்க வேண்டும். 10 வயதுப் பையனுக்கு அந்த எல்லை 108-க்கு 72. பதின்மூன்று வயதுக்குப் பிறகுதான் 120-க்கு 80 என்னும் எல்லை வருகிறது.

இனி யோசித்துப் பார்க்கலாம். ஆறு வயதுப் பையனுக்கு 118 இருக்கிறது. "120-க்குக் கீழேதானே, பரவாயில்லை" என்று வீட்டுக்கு அனுப்பினால் அது பெரிய தவறு. அவன் வயதுக்கு அது அதிகம். இன்னொரு பக்கம், பத்து வயதுப் பையனுக்கு உண்மையில் 102. எந்திரம் 10 கூட்டி 112 என்கிறது. ஒன்றும் இல்லாத பிள்ளை நோயாளி ஆகிவிட்டான்!

பெரியவர்களுக்கு நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடையே உள்ள வெளி அகலம். பிள்ளைகளுக்கு அது ஒற்றையடிப் பாதை.

எந்திரம் பெரிதா, பட்டை பெரிதா?

எந்தக் கம்பெனி எந்திரம் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கையில் சுற்றும் பட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உண்மையில் பிள்ளைகள் விஷயத்தில் பாதி வழக்கு பட்டையில்தான் இருக்கிறது. பாதரசமானாலும், முள்ளானாலும், எந்திரமானாலும், பட்டை தவறினால் எண் தவறும்.

விதி எளிது. பட்டை சின்னதாக இருந்தால் அழுத்தம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பட்டை பெரிதாக இருந்தால் குறைவாகக் காட்டும்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பெரியவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2023-ல் வெளியாயிற்று. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்ட ஆட்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினார்கள். மேல் எண் சராசரி 19.5 அதிகமாகக் காட்டியது! சின்னப் பட்டை தேவைப்பட்ட ஆட்களுக்கு அதே சாதாரணப் பட்டையைச் சுற்றினார்கள். 3.6 குறைந்தது.

வீட்டில் தாத்தாவுக்கு என்று வாங்கி வைத்த எந்திரத்தை எடுத்துப் பார்க்கலாம். பலவற்றின் பட்டையில் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சுற்றளவுள்ள கைக்குத்தான் அது சரி. ஒல்லியான ஆறு வயதுப் பிள்ளையின் கை 16, 17 சென்டிமீட்டர்தான் இருக்கும். தாத்தாவின் சட்டையைப் பேரனுக்குப் போட்ட கதைதான்.

அளப்பது எப்படி? தையல் மிஷின் உள்ள வீட்டில் இஞ்சு டேப்பு இருக்கும். அதன் மறுபக்கம் சென்டிமீட்டர். தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நட்டநடுவில் கையைச் சுற்றி அளக்க வேண்டும். பிள்ளையின் கை 17 சென்டிமீட்டர் என்றால், பட்டைக்கு உள்ளே இருக்கும் காற்றுப் பையின் அகலம் அதில் நூற்றுக்கு 40 பங்கு, அதாவது சுமார் 7 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பையின் நீளம் கையைச் சுற்றி நூற்றுக்கு 80 பங்காவது வர வேண்டும். கவனம்! அளவு வெளித் துணிக்கு அல்ல. உள்ளே இருக்கும் ரப்பர் பைக்கு.

இன்னொரு ஏமாற்று உண்டு. "குழந்தைப் பட்டை" என்று எழுதியிருப்பதை நம்பிவிடக் கூடாது. பதினோரு வயதுப் பிள்ளை சற்றுப் பருமனாக இருந்தால், அவன் கைக்குப் பெரியவர்கள் பட்டையே தேவைப்படும். வயது தீர்மானிப்பதில்லை. கைதான் தீர்மானிக்கிறது.

மணிக்கட்டில் கட்டும் எந்திரமும், அழுத்தம் காட்டும் கைக்கடிகாரமும் இப்போது கடைகளில் மின்னுகின்றன. பிள்ளைகளுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

ஹாரன் சத்தத்தில் டக் டக் கேட்குமா?

காதால் கேட்கும் முறை சிறந்தது என்றால், அதையே எல்லா இடத்திலும் செய்துவிடலாமே? சொல்வது சுலபம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அடித்துக்கொண்டு நிற்கும். ஹாரன் ஓயாது. சாலை ஓரப் பள்ளிக்கூடத்தில், நூறு பிள்ளைகள் கூச்சல் போடும் அறையில், ஒரு சின்னக் கையின் "டக், டக்" சத்தம் எப்படிக் கேட்கும்? அவசரத்தில் முதல் சத்தத்தைத் தவறவிட்டால் எண் குறைந்துவிடும். சில பிள்ளைகளுக்குக் கடைசிச் சத்தம் மறையாமலே பூஜ்யம் வரை கேட்கும். பழகிய காதுதான் அதைச் சரியாகப் பிரித்தறியும். இந்த இடத்தில் எந்திரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஹாரன் சத்தம் அதைக் குழப்புவதில்லை. ஒரு நாளில் நிறையப் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

ஆனால் ஆடும் கை எந்திரத்தையும் ஏமாற்றும். அழும் குழந்தைக்கு எந்தக் கருவியாலும் சரியாக அளக்க முடியாது. படி ஏறி ஓடி வந்த பிள்ளைக்கும் அப்படியே. ஊசி போடப் போகிறார்கள் என்று பயந்த பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம். டாக்டரைக் கண்டதும் ஏறி, வீட்டில் இறங்கிவிடும் அழுத்தமும் உண்டு.

சரியான முறை இது. பிள்ளை மூன்று முதல் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் பட வேண்டும். கால் மேல் கால் கூடாது. வலது கை, நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். பேச்சுக் கூடாது.

எந்திரத்தை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். அதில் எண் அதிகம் வந்தால், காதால் கேட்டு உறுதி செய்ய வேண்டும். எந்திரம் போலீஸ்காரர் மாதிரி. சந்தேகப்படலாம். தீர்ப்புச் சொல்ல ஜட்ஜ் வேண்டும். ஜட்ஜும் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்வதில்லை. மூன்று வெவ்வேறு நாட்களில் பார்த்து, மூன்றிலும் அதிகமாக இருந்தால்தான் ரத்தக் கொதிப்பு என்று சொல்வார்கள்.

நம் பத்து வயதுப் பையனுக்கும் இதுவே. 124 என்று சொன்னதற்காக மருந்து கொடுக்கக் கூடாது. 106 என்று சொன்னதற்காக மறந்துவிடவும் கூடாது. அந்தத் தாய் இன்னும் இரண்டு முறை நடக்கத்தான் வேண்டும்.

சிரங்கும் சிறுநீரகமும்

குழந்தைக்கு ரத்தக் கொதிப்பு வருவதே அபூர்வம்தானே, இவ்வளவு சிரமம் எதற்கு?

அப்படி அபூர்வமும் அல்ல. மத்திய அரசு 2016 முதல் 2018 வரை நடத்திய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு ரத்தக் கொதிப்பு தெரிந்தது. பருமன், ஓட்டம் விளையாட்டு இல்லாமை, உப்புப் பண்டங்கள் ஆகியவை காரணங்களில் முக்கியமானவை. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கே 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. காசிமேட்டுக் கருவாட்டின் ருசியைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அதன் உப்பைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

சின்னக் குழந்தைகளின் கதை வேறு. அவர்களுக்கு அழுத்தம் ஏறினால் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் சிறுநீரகம். சில சமயம் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் சுருங்கியிருக்கும். அப்போது கையில் அழுத்தம் அதிகம், காலில் குறைவு. அதனால்தான் டாக்டர் சில பிள்ளைகளுக்குக் காலிலும் பட்டை சுற்றிப் பார்க்கிறார்.

தாய்மார்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளைக்குச் சிரங்கு வந்து சீழ் பிடிக்கிறது. மருந்து போட்டதும் ஆறிவிடுகிறது. எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் பிள்ளையின் முகம் வீங்கியிருக்கிறது. சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போகிறது. சிரங்கை உண்டாக்கிய கிருமியின் விளைவாகச் சிறுநீரகம் அழன்றுவிட்டது. தொண்டைப் புண்ணுக்குப் பிறகும் இப்படி வருவது உண்டு. அப்போது ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். கவனிக்காவிட்டால் தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் முழுக்கக் குணமாகிவிடுவார்கள்.

அந்த நேரத்தில், அந்த மெல்லிய கையில், பெரியவர்கள் பட்டையைச் சுற்றி "110தான்" என்று யாராவது சொல்லிவிட்டால்? பாதரசக் கருவி, முள் கருவி, எந்திரம் என்ற சண்டையெல்லாம் கடைசியில் இந்தப் பிள்ளையிடம் வந்து நிற்கிறது. இப்படி முகம் வீங்கிய பிள்ளையை வீட்டு எந்திரத்தில் சோதித்துக்கொண்டிருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, இந்த வட்டாரத்துக்குக் கூப்பிடு தூரம்தான்.

பட்டியலில் இருக்கிறது

பள்ளிகளில் பிள்ளைகளைச் சோதிக்க மத்திய அரசு 2013-ல் ஒரு திட்டம் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை அதில் அடக்கம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை டாக்டர் குழு வர வேண்டும். அந்தக் குழு கொண்டுவர வேண்டிய கருவிகளின் பட்டியலில் ரத்த அழுத்தக் கருவியும் உண்டு. சும்மா கருவி அல்ல. வயதுக்கு ஏற்ற பட்டையோடு கூடிய கருவி என்றே அதில் எழுதியிருக்கிறது.

காகிதத்தில் எழுதியது பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டமான காரியம் அல்ல. ஒரே அளவுப் பட்டைக்குப் பதில் மூன்று அளவுப் பட்டை. எந்திரத்தின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவும் அல்ல. அரசுப் பள்ளிகளில் பெற்றோர்களும் உறுப்பினர்களாக உள்ள மேலாண்மைக் குழு இருக்கிறது. சத்துணவு, குடிதண்ணீர், கக்கூஸ் பற்றியெல்லாம் அங்கே பேசுகிறார்கள். அடுத்த தடவை டாக்டர் குழு வருவதற்கு முன்னால், "எங்கள் பிள்ளைகள் கைக்கு அளவான பட்டை வருகிறதா?" என்று அங்கே ஒரு தாய் எழுந்து கேட்கலாம்.